உப்புக் காற்றும் சுருள் பூச்சியும்

எங்கள் பக்கத்தில் நிலக்கடலைக்கு மல்லாட்டை என்று பெயர். மதுரைக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். மணிலாக் கொட்டை என்பது மணிலாட்டையாகி, அதுவும் தேய்ந்து மல்லாட்டை ஆயிற்று. கிராமக் கணக்கில் 'மணிலா' என்றே எழுதுகிறவர்கள் இன்னும் உண்டு. அந்த மல்லாட்டைக்கு வரும் நோய் நொடிகளில், எங்கள் அப்பா காலத்திலிருந்து நான் கேட்டு வரும் சொல் 'சுருள்'. "மேலண்டைக் கொல்லையில சுருள் உழுந்துடுச்சு" என்று யாராவது வந்து சொன்னால் அன்றைக்கு வீட்டில் பேச்சுக் குறைந்து விடும்.

இந்தச் சுருளைச் செய்வது ஒரு சின்ன அந்துப்பூச்சி. முழுதாக வளர்ந்த பிறகும் ஓர் அரிசி நீளம்தான், ஆறு மில்லிமீட்டர். பழுப்பும் சாம்பலும் கலந்த நிறம். முன் இறக்கையின் ஓரத்தில் பக்கத்துக்கு ஒன்றாக வெள்ளைப் புள்ளி. விளக்கடியில் வந்து விழும் ஆயிரம் பூச்சிகளில் ஒன்றாகக் கிடக்கும். யாரும் தனியாகப் பார்த்திருக்க மாட்டார்கள். அதன் ஜாதகத்தைச் சொல்லுவதற்கு முன்னால் எங்கள் நிலத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

ஈ.சி.ஆர். சாலையில் மரக்காணத்தைக் காரில் கடந்து போகிறவர்களுக்கு உப்பளம் மட்டும்தான் தெரியும். தமிழ்நாட்டில் உப்பு விளையும் முக்கியமான இடங்களில் ஒன்று என்பதால் அப்படித் தெரிவதில் தவறில்லை. ஆனால் திண்டிவனம் சாலையில் மேற்கே திரும்பி, கழுவெளியை இடது கைப் பக்கம் விட்டு, முருக்கேரி, பிரம்மதேசம் பக்கம் போனால் மண் நிறம் மாறி விடும். அங்கே ஏரிப் பாசனத்தில் நெல்லும், மேட்டில் மல்லாட்டையும், சவுக்குத் தோப்பும்தான். உப்பளத்தில் வேலை இல்லாத மாதங்களில் பெண்கள் அந்தக் கொல்லைகளுக்குக் களை எடுக்கவும் மல்லாட்டை பிடுங்கவும் போவார்கள். உப்புக்கும் மல்லாட்டைக்கும் உறவு உண்டு என்றால் அந்தக் கைகள் மூலமாகத்தான்.

மரக்காணத்தில் எது கெட்டாலும் உப்புக் காற்றின் தலையில் போடுவது வழக்கம். ஜன்னல் கம்பி துருப்பிடித்தால் உப்புக் காற்று. சுவர் பூச்சு உதிர்ந்தால் உப்புக் காற்று. மாப்பிள்ளைக்கு முன் மண்டை வழுக்கை விழுந்தாலும் பெண் வீட்டார் அதைத்தான் சொல்லுவார்கள். பாதி நிஜம்தான். நான் புதுச்சேரியில் வேலை பார்த்துக்கொண்டு சனி ஞாயிறு ஊருக்கு வந்து போன காலத்தில் என் ஸ்கூட்டருக்கு மூன்று சைலன்சர் மாற்றினேன். ஆனால் பாதி நிஜம் இருக்கிற குற்றச்சாட்டுதான் தொல்லை. மீதிப் பாதியை யாரும் விசாரிக்க மாட்டார்கள்.

சில வருடங்களுக்கு முன்னால் என் தங்கை மகன் ஆடிப் பட்டத்தில் மூன்று ஏக்கர் மானாவாரி மல்லாட்டை போட்டிருந்தான். விதைக்கே மனைவியின் கம்மலை வைத்து நகைக் கடன். ஆவணியில் நல்லபடியாகப் பூத்து விழுது இறங்கியது. பிறகு மழை நின்று விட்டது. மூன்று வாரம் வெயில். புரட்டாசி பிறந்ததும் ஒரு நாள் காலையில் வந்து திண்ணையில் உட்கார்ந்தான்.

"மாமா, உப்புக் காத்து அடிச்சுக் கொல்லையே கருகிப் போச்சு. தூரத்துலேருந்து பாத்தா நெருப்பு வச்சாப்ல இருக்கு."

"உப்புக் காத்துன்னு யாருப்பா சொன்னது?"

"எல்லாரும்தான் சொல்றாங்க. மருந்துக் கடையில உப்புக்குன்னு ஒரு டானிக் குடுக்கறாராம். கூடவே பூச்சிக்கு ஒண்ணு, பூசணத்துக்கு ஒண்ணு. ஆள் கூலியோட ஏழாயிரம் ஆவும் மாமா. அதான் உங்ககிட்ட..."

பணம் கேட்கத்தான் வந்திருந்தான். கொடுக்க எனக்கும் தடையில்லை. ஆனால் அவன் கொல்லை உப்பளத்திலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் மேற்கே. நடுவில் எத்தனை சவுக்குத் தோப்பு, பனை வரிசை! அத்தனையையும் தாண்டி உப்பு போய்த் தரையோடு தரையாகப் படர்ந்திருக்கும் செடியைக் கருக்குமா? "நாளைக்கு ரெண்டு செடியை வேரோட புடுங்கி எடுத்தா, பாக்கலாம்" என்றேன். எடுத்து வந்தான்.

உப்புக் காற்றில் கருகிய இலையை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். 2011 டிசம்பர் 30ஆம் தேதி 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறிய மறுவாரம், எங்கள் தெருவில் இருந்த வேப்ப மரங்கள் கடலைப் பார்த்த பக்கம் மட்டும் காப்பித் தூள் நிறமாக இருந்தன. மேற்குப் பக்கம் பச்சை. உப்பு இலையின் நுனியையும் ஓரத்தையும்தான் முதலில் பிடிக்கும். ஓரத்திலிருந்து உள்ளே வரும். பக்கத்துப் பக்கத்து இலைகள் எல்லாம் ஒரே மாதிரிக் காயும்.

மருமகன் கொண்டு வந்த செடியில் அப்படி இல்லை. மல்லாட்டைக்கு ஒரு காம்பில் நான்கு சிற்றிலைகள் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த நான்கில் ஒன்று பச்சையாக இருந்தது. பக்கத்தில் இருந்தது பாதி பழுப்பு. பழுப்பும் ஓரத்தில் ஆரம்பிக்கவில்லை. நடு நரம்பை ஒட்டிச் சின்னக் கொப்புளம் மாதிரி எழும்பி, அங்கிருந்து பரவியிருந்தது. சில சிற்றிலைகள் நடுவில் மடிந்து, நூல் போட்டுத் தைத்தது போல ஒட்டிக்கொண்டிருந்தன. கொப்புளம் இருந்த ஓர் இலையை வெயிலுக்கு நேராகப் பிடித்து அவனிடம் காட்டினேன். இலையின் மேல் தோலுக்கும் அடித் தோலுக்கும் நடுவே ஒரு சின்ன நிழல் அசைந்தது.

"இலைக்குள்ளயா இருக்கு!" என்றான். இருபது வருடமாகப் பயிர் செய்கிறவன்.

அவனைக் குறை சொல்ல முடியாது. ஒரு மல்லாட்டை இலை எத்தனை கனம் இருக்கும்? தடித்த காகித அளவு. அதற்குள் ஒரு உயிர் வீடு கட்டிக் குடியிருக்கும் என்று யார் நினைப்பார்கள்? எனக்கே அது தெரிய வந்தது நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியால்தான். இயற்கைப் பாடம் நடத்திய ஆசிரியர் ஒருவர் தோட்டத்து எலுமிச்சை இலையில் வெள்ளிக் கோடு போல நெளிந்து போகும் தடத்தைக் காட்டி 'மினேஸ்' என்றார். சுரங்கம் தோண்டுகிறவள் என்று அர்த்தம். எலுமிச்சையில் இருப்பது வேறு பூச்சி, தொழில் ஒன்றுதான். ரெயோமூர் என்ற பிரெஞ்சுக்காரர் 1734 முதல் 1742 வரை பூச்சிகளைப் பற்றி ஆறு பெரிய தொகுதிகள் எழுதினார். அதில் இந்தச் சுரங்கக்காரர்களுக்கும் இடம் கொடுத்திருக்கிறார். பழைய பிரெஞ்சு வெப்பமானியில் 'ரெயோமூர் டிகிரி' என்று இருக்குமே, அதே மனிதர்தான். துரைமார்களின் பங்களாத் தோட்டத்து விஷயம் என்று அப்போது நினைத்திருந்தேன். அதே தொழிலை நம் வீட்டு மல்லாட்டையிலும் ஒன்று செய்கிறது என்பது பிறகுதான் புரிந்தது.

அன்றைக்குச் சில இலைகளை ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, வாயைத் துணியால் கட்டி, அடியில் ஈரப் பஞ்சு வைத்து ஜன்னலோரம் வைத்தேன். ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன வேலை. தினம் காலையில் பூதக்கண்ணாடியோடு உட்காருவேன். வீட்டில் "பேரன் பேத்தியைக் கூட இப்படிப் பார்த்ததில்லை" என்றாள். பார்த்ததையும், படித்துத் தெரிந்து கொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

தாய்ப் பூச்சி சிற்றிலையின் அடிப்புறத்தில், பெரும்பாலும் நடு நரம்பை ஒட்டி, முட்டைகளை ஒவ்வொன்றாக ஒட்டி வைக்கும். பளபளக்கும் வெள்ளை முட்டை. கண்ணாடி இல்லாமல் என் வயதுக்காரர்களுக்குத் தெரியாது. இரண்டு மூன்று நாளில் பொரிக்கும். பொரித்த புழு வெளியே நடமாடிப் பொழுதைப் போக்குவதில்லை. நேரே இலைத் தோலைத் துளைத்து உள்ளே போய் விடும். இரண்டு தோலுக்கும் நடுவில் இருக்கும் பச்சைச் சதைதான் சாப்பாடு. தோலை மட்டும் விட்டு வைக்கும். அதுதான் வெளியே கொப்புளமாகத் தெரிகிறது.

ஐந்தாறு நாள் இந்தச் சுரங்க வாழ்க்கை. பிறகு உடம்பு பெருத்து இலைக்குள் இடம் போதாமல் வெளியே வரும். வந்ததும் செய்கிற முதல் காரியம், வாயிலிருந்து பட்டு நூல் விட்டு இலையை மடித்துக் கட்டுவது, அல்லது பக்கத்து இலையோடு சேர்த்துப் பிணைப்பது. நம்மவர்கள் 'சுருள்' என்று பெயர் வைத்தது இந்த நிலையைப் பார்த்துத்தான். அதற்குள் உட்கார்ந்து சுரண்டித் தின்னும். வெளிர் பச்சை உடம்பு, கறுத்த தலை. முழுதாக வளர்ந்த புழு எட்டு மில்லிமீட்டர்வரை இருக்கும். ஒரு வேடிக்கை: புழுவாக இருக்கும்போதே ஆண் எது, பெண் எது என்று சொல்லி விடலாம். ஆண் புழுவின் முதுகுப் பக்கம் தோலுக்கு அடியில் இளஞ்சிவப்பாக ஒரு புள்ளி தெரியும். மகரந்தப் பொடியோ என்று முதலில் கண்ணாடியைத் துடைத்துக் கொண்டேன்.

ஒன்பது நாளிலிருந்து பதினேழு நாள்வரை புழுப் பருவம். அந்தச் சுருளுக்குள்ளேயே கூட்டுப்புழு ஆகி, மூன்று நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் பூச்சியாகப் பறந்து விடும். ஆக மூன்று வாரம், மிஞ்சினால் நான்கு. மல்லாட்டை நிலத்தில் இருப்பது நூற்றைந்து நாள் சுமார். முளைத்துப் பதினைந்து நாளிலேயே பூச்சி வந்து விடும் என்பதால் ஒரு பயிருக்குள் மூன்று நான்கு தலைமுறை நடந்து விடுகிறது. ஒரு தாய் நூறு முட்டைக்கு மேலும் இடக்கூடியது. முதல் தலைமுறையை யாரும் கவனிப்பதில்லை, அங்கொன்று இங்கொன்று கொப்புளம். இரண்டாவதில் 'இலை கொஞ்சம் சுருங்குது' என்பார்கள். மூன்றாவதில் கொல்லைக்கு நெருப்பு வைத்தது போல ஆகி விடும். அதுவும் மழை இல்லாத வறட்சியில்தான் இது அதிகம். பலத்த மழை பூச்சியை அடித்துப் போட்டு விடும். மழை நின்ற பிறகு, வெயிலும் காற்றும் சேர்ந்து அடிக்கிற நாட்களில் கொல்லை திடீரென்று காய்வதைப் பார்க்கிறவன் காற்றைத்தானே சொல்லுவான்? உப்புக் காற்றின் மேல் பழி விழுந்தது இப்படித்தான் என்று நினைக்கிறேன்.

பூச்சி மருந்து அடித்தும் ஏன் கேட்கவில்லை என்று பலர் அங்கலாய்ப்பதற்கும் இதில் விடை இருக்கிறது. முதல் வாரம் புழு இலைத் தோலுக்குள். அடுத்து மடித்துக் கட்டிய சுருளுக்குள். மேலே பட்டு வழிகிற மருந்து பாதி, புழுவைத் தொடுவதே இல்லை. வெளியே உட்கார்ந்து சுருளைத் தேடி வருகிற அதன் எதிரிகள்தான் முதலில் சாகும்.

இந்த எதிரிகளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். இந்தப் பூச்சி எங்கிருந்து மல்லாட்டைக்கு வந்தது என்பதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம்.

மல்லாட்டை நம் ஊர்ச் செடி இல்லை. தென் அமெரிக்காவில் பிறந்தது. மணிலா வழியாக வந்தது என்று பெயரே சாட்சி சொல்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னாற்காடு மாவட்டம்தான் இதன் பெரிய விளைநிலம். விளைந்ததில் பெரும்பங்கு புதுச்சேரிக்கு மாட்டு வண்டியில் போய், அங்கிருந்து கப்பலேறி மார்செய் நகரத்து எண்ணெய், சோப்பு ஆலைகளுக்குப் போனது. பிரெஞ்சுக்காரர்கள் இதை 'அராஷித்' என்பார்கள். நம் கொட்டைக்கு அந்தச் சந்தையில் 'கொரமாந்தேல்' என்று கடற்கரையின் பெயரே வணிகப் பெயர். அந்த நூற்றாண்டின் கடைசியில் பழைய ரகம் நலிந்துபோய் மொரீசியஸ் ரகம் வந்தது. பிறகு திண்டிவனம் ஆராய்ச்சி நிலையம் குடியாத்தம் கொத்து ரகத்திலிருந்து தேர்ந்தெடுத்து 1940இல் டி.எம்.வி. 2 என்ற ரகத்தை வெளியிட்டது. டி.எம்.வி. என்றால் திண்டிவனம். ஆந்திராவிலும் கர்நாடகத்திலும் நம் திண்டிவனத்தின் பெயரைச் சொல்லி விதை வாங்கினார்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

செடி அமெரிக்காவிலிருந்து. ஆனால் பூச்சி கூட வரவில்லை. பூச்சி இந்தப் பக்கத்து ஆசாமி, ஆசியாக் கண்டத்தது. இலங்கை, ஜாவா என்று பூச்சியியல்காரர்கள் அங்கங்கே பிடித்து ஒவ்வொரு பெயர் வைத்தார்கள். பழைய புத்தகங்களில் அனகாம்ப்சிஸ் என்றும் ஸ்டோமோப்டெரிக்ஸ் என்றும் இருக்கும். இப்போது அப்ரோயரீமா மோடிசெல்லா என்று எழுதுகிறார்கள். பதவி உயர்வில்லாமல் இத்தனை முறை பெயர் மாறிய ஊழியரை நான் என் சர்வீசில் பார்த்ததில்லை. சென்னை ராஜதானி விவசாய இலாகாக்காரர்கள் மட்டும் புத்திசாலித்தனமாக, ஆங்கிலத்தில் எழுதும்போதே 'சுருள் பூச்சி' என்று நம் சொல்லை அப்படியே போட்டு விட்டார்கள்.

மல்லாட்டை வருவதற்கு முன் இந்தப் பூச்சி எதைத் தின்று பிழைத்தது? அவரை, துவரைக் குடும்பத்துச் செடிகளைத்தான். துவரையில் இருக்கும். உளுந்து, பச்சைப் பயறு, சோயா எல்லாவற்றிலும் பார்த்திருக்கிறார்கள். மாட்டுத் தீவனமான குதிரை மசாலிலும் உண்டு. காட்டுச் செடிகளில் முக்கியமானது கார்போகி. நம் வீட்டுப் பெண்கள் குளியல் பொடிக்கு நாட்டு மருந்துக் கடையில் கார்போக அரிசி வாங்குவார்களே, அந்தச் செடி. வெண்புள்ளிக்குச் சித்த வைத்தியத்தில் சேர்ப்பார்கள். அவுரிக்கு உறவான, மேலெல்லாம் ரோமம் போர்த்த ஒரு காட்டுச் செடியும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அவுரியே ஒரு காலத்தில் தென்னாற்காட்டின் பணப்பயிர். புதுச்சேரியின் நீலத் துணி கப்பலேறிப் போனது அதன் சாயத்தில்தான். ஆக, பூச்சிக்கு இங்கே பழைய வீடுகள் நிறைய. மல்லாட்டை வந்ததும், ஏக்கர் கணக்கில் தொடர்ந்தாற்போல் விருந்து போட்டது மாதிரி ஆயிற்று. அதே குடும்பத்துச் செடி, இலை மென்மை, பட்டத்துக்குப் பட்டம் தவறாமல் வருகிறது. வேறென்ன வேண்டும்?

1998இல் இந்தப் பூச்சி ஆப்பிரிக்காவில் உகாண்டா நாட்டு மல்லாட்டையில் காணப்பட்டது. சில ஆண்டுகளில் தென்னாப்பிரிக்கா வரை அதைப் பார்த்து விட்டார்கள். ஆஸ்திரேலியாவில் சோயா இலையைத் துளைக்கும் ஒரு பூச்சியும் இதுவும் மரபணுச் சோதனையில் ஒரே இனம் என்று சொல்லும் அளவுக்கு நெருக்கம் என்று பிறகு கண்டார்கள். அரிசி நீளப் பூச்சி, மூன்று கண்டங்களில் ரேஷன் கார்டு வைத்திருக்கிறது.

மருமகன் விஷயத்துக்கு வருகிறேன். இலைக்குள் புழுவைப் பார்த்ததும் அவன் "அப்போ பூச்சி மருந்து மட்டும் அடிச்சுடலாமா மாமா?" என்றான். எத்தனை உயிரோடு இருக்கிறது என்று எண்ணிப் பார்த்து விட்டு அடிக்கலாம் என்றேன். கணக்கு எழுதிய புத்தி எங்கே போகும்? மறுநாள் பஸ் ஏறிப் போய், கொல்லையில் குறுக்கு நெடுக்காக நடந்து இருபது செடியில் சுருளைப் பிரித்துப் பார்த்தோம். பழைய நோட்டில் கோடு போட்டு, உயிரோடு, கூடு, காலி, செத்தது என்று நாலு கலம். தங்கை வரப்பில் உட்கார்ந்துகொண்டு, "ஆபீஸ் உத்தியோகத்தைக் கொல்லைக்கே கொண்டாந்துட்டியே அண்ணா" என்றாள்.

அறுபத்திரண்டு சுருள் பிரித்ததில் உயிருள்ள புழு பதினான்கு. பூச்சி பறந்துபோன வெறும் கூடுதான் அதிகம். பதினோரு சுருளில் புழு வெளிறிச் சுருங்கிக் கிடந்தது. அவற்றில் சிலவற்றின் மேல் மூன்று நான்கு குட்டிப் புழுக்கள் அட்டை போல ஒட்டிக்கொண்டிருந்தன. அவைதான் நான் சொன்ன எதிரிகள். எறும்பு மாதிரி இருக்கும் மிகச் சின்னக் குளவி ஒன்று சுருளுக்குள் நுழைந்து, புழுவைக் கொட்டி மயக்கி, அதன் மேல் முட்டை இடுகிறது. கோனியோசஸ் என்று பெயர். இப்படிப் பல வகைக் குளவிகள் இந்தப் புழுவை நம்பி இருக்கின்றன. மருமகன் அந்தச் செத்த புழுவை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவில்லை. தனக்குத் தெரியாமல் தன் கொல்லையில் வேலை செய்கிற கூலியாள் என்று தோன்றியிருக்குமோ என்னவோ.

உயிருள்ள புழுக்களில் பத்து, துவரை வரப்பை ஒட்டிய ஒரே மூலையில். நோட்டை எடுத்துக்கொண்டு அவன் வேளாண் அலுவலகத்துக்குப் போனான். அங்கே இருந்த இளம் அதிகாரி பொறுமையாகக் கேட்டார் என்று சொல்ல வேண்டும். எழுபது நாள் தாண்டிய பயிர், கொல்லை முழுக்க அடிக்க வேண்டியதில்லை. அந்த மூலைக்கு மட்டும் வேப்பங்கொட்டைச் சாறு ஐந்து சதவீதம் அடியுங்கள், ராத்திரியில் விளக்குப் பொறி வையுங்கள் என்றார். பழைய கையேடுகளிலும் இதுதான் இருக்கும்: பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தரை மட்டத்தில் வைத்து, இரவு 8 மணியிலிருந்து 11 மணிவரை எரிய விட வேண்டும். உயரத்தில் கட்டினால் பிரயோஜனம் இல்லை. இந்தப் பூச்சி தாழ்வாகத்தான் பறக்கும். பெட்ரோமாக்ஸுக்கு இப்போது எங்கே போவது? மாங்கொட்டை அளவு மேண்டில் கூடக் கடையில் கிடைப்பதில்லை. சார்ஜர் விளக்கு ஒன்றைச் செங்கல் மேல் வைத்து, அடியில் பிளாஸ்டிக் பேசினில் தண்ணீர் விட்டு இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் ஊற்றினான். காலையில் தண்ணீர் மேல் சாம்பல் தூவியது போல மிதந்ததைப் போனில் படம் எடுத்து அனுப்பினான். அதில் எத்தனை நம் ஆள், எத்தனை வழிப்போக்கன் என்று எனக்குத் தெரியவில்லை. வெள்ளைப் புள்ளி உள்ளவை நிறைய இருந்தன என்றான்.

ஏழாயிரம் செலவாகும் என்றது எழுநூறுக்குள் முடிந்தது. பத்து நாளில் மழையும் பிடித்துக்கொண்டது. எல்லாம் காப்பாற்றப்பட்டது என்று கதை சொல்ல மாட்டேன். ஏக்கருக்கு எட்டு மூட்டை எதிர்பார்த்த இடத்தில் ஆறுதான் வந்தது. காய் சிறுத்திருந்தது, இலை போன நேரத்தில் கொட்டை முற்ற வேண்டிய பாலை எங்கிருந்து எடுக்கும்? வறட்சி எத்தனை பங்கு, பூச்சி எத்தனை பங்கு என்று பிரித்துச் சொல்ல ஆளில்லை. ஆனால் கம்மல் தைப் பொங்கலுக்குள் வீட்டுக்கு வந்து விட்டது. அந்த டானிக் வாங்கியிருந்தால் வந்திருக்காது என்று தங்கை இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பக்கத்துக் கொல்லைக்காரர் வாங்கி அடித்தார். அவருக்கும் ஆறு மூட்டைதான்.

அடுத்த ஆடியில் அவன் நாலு வரிசை மல்லாட்டைக்கு ஒரு வரிசை கம்பு போட்டான். கம்பு ஊடே இருந்தால் அந்தக் கோனியோசஸ் குளவி பெருகும் என்று வேளாண் பல்கலைக்கழகத்தின் சிபாரிசு. எங்கள் தாத்தா காலத்தில் கம்பு ஊடுபயிர் சாதாரணமாக இருந்தது; அவர்கள் குளவிக்காகப் போடவில்லை, கூழுக்காகப் போட்டார்கள். நடுவில் கம்பு தின்கிற ஆள் குறைந்ததும் கம்பு வரிசை போயிற்று, குளவியும் இடம் இல்லாமல் குறைந்திருக்கும். இப்போது சர்க்கரை வியாதி வந்தவர்கள் புண்ணியத்தில் கம்புக்கு மறுபடி விலை. வரப்பில் துவரை போடுவதை மட்டும் நிறுத்தச் சொன்னேன். அவன் கேட்கவில்லை. "சாம்பாருக்கு என்ன பண்றது மாமா?" என்றான். நியாயமான கேள்வி. துவரையை மல்லாட்டை வரப்பிலிருந்து எடுத்து நெல் வரப்புக்கு மாற்றியிருக்கிறான்.

எனக்கு ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. புரட்டாசிக் கடைசியில் மல்லாட்டை பிடுங்கியாகி விடும். தண்ணீர் உள்ளவர்கள் மறுபடி விதைப்பது மார்கழி, தையில். நடுவில் இரண்டு மூன்று மாதம் பூச்சி எங்கே இருக்கும்? புத்தகத்தில் காட்டுச் செடி என்று இருக்கிறது. அதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று, கார்த்திகையில் மழை விட்ட ஒரு நாள் கழுவெளி ஓரத்துக்குப் போனேன். 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவித்த பிறகு அங்கே கேமராவோடு பலர் வருகிறார்கள். நாரையைப் பார்க்காமல் கரையில் குனிந்து களைச் செடியைப் புரட்டிக்கொண்டிருந்த கிழவனை ஒரு பையன் கவலையோடு பார்த்து, "ஏதாச்சும் தொலைச்சிட்டீங்களா தாத்தா?" என்று கேட்டான்.

கரை மேட்டில் கார்போகி இடுப்பளவு வளர்ந்து ஊதாப் பூ பூத்திருந்தது. ஒரு மணி நேரம் இலை இலையாகத் திருப்பினேன். மழை எல்லாவற்றையும் கழுவியிருந்தது. பெரும்பாலும் சுத்தமான இலைகள். கடைசியில் ஒரு செடியின் அடிக் கிளையில், மழை நேரே படாத இடத்தில், ஓர் இலை பாதியாக மடிந்து நூல் போட்டுத் தைத்திருந்தது. பையனையும் கூப்பிட்டு, மெதுவாகப் பிரித்துக் காட்டினேன். உள்ளே வெளிர் பச்சையில் கறுத்த தலையோடு ஒருவன் இருந்தான். முதுகில் இளஞ்சிவப்புப் புள்ளி. பையன் படம் எடுத்துக்கொண்டான். இலையைப் பழையபடி மடித்து விட்டு வந்தோம்.